பழைய சிறிய டீசல் ஹாட் ஹேட்ச் கார்களின் மறுவிற்பனை மதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வகைக் கார்களைப் பற்றிய பக்கம் இது?

சிறிய ஹேட்ச்பேக் உடலில் வலுவான டர்போ டீசல் இன்ஜினைப் பொருத்தி, அதற்கேற்ற இறுக்கமான சஸ்பென்ஷனும் பெரிய பிரேக்குகளும் கொடுத்து விற்கப்பட்ட கார்களைப் பற்றியது. இந்த வகையின் மூத்த பெயர் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.டி.; 1982இல் 1.6 லிட்டர், 70 குதிரைத்திறன் கொண்ட டர்போ டீசலுடன் அது அறிமுகமானது. 2009இல் அதே பெயர் 170 குதிரைத்திறனுடன் திரும்பி வந்தது. 2013இல் 184, 2020இல் 200 என்று வளர்ந்தது. ஸ்கோடா 2003இல் கொண்டுவந்த முதல் தலைமுறை ஃபேபியா வி.ஆர்.எஸ். (சில சந்தைகளில் ஆர்.எஸ்.), 160 குதிரைத்திறன் கொண்ட சீட் இபிசா குப்ரா டி.டி.ஐ., இரட்டை டர்போவுடன் 204 குதிரைத்திறன் தந்த பி.எம்.டபிள்யூ. 123டி, மினி கூப்பர் எஸ்.டி., ஃபோர்ட் ஃபோகஸ் எஸ்.டி.யின் 185 குதிரைத்திறன் டீசல் வகை, இந்தியச் சந்தையின் போலோ ஜி.டி. டி.டி.ஐ. ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாட்டுக்கு நாடு விலை மாறும் என்பதால் இங்கே பணத்தொகை எதையும் குறிப்பிடவில்லை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் எவை என்பதே இங்கு பேசப்படுகிறது.

ஒரே மாடலில் பெட்ரோல் வகை விலையைத் தக்கவைத்துக்கொள்ள, டீசல் வகை ஏன் சரிகிறது?

புதிதாக விற்கப்பட்ட காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு, வேகமும் எரிபொருள் சிக்கனமும் ஒரே காரில் கிடைத்தது ஒரு வரம். கரியமில வாயு அளவை வைத்து வரி விதித்த நாடுகளில் டீசலுக்கு வரியும் குறைவு. ஆகவே முதல் உரிமையாளர் பெட்ரோல் வகையைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். அந்தக் காரைப் பெரும்பாலும் நிறுவனங்களும் அதிகம் பயணம் செய்பவர்களும் வாங்கினார்கள். அதன் விளைவாக, நான்கைந்து ஆண்டுகளில் சந்தைக்கு வந்த டீசல் கார்கள் எண்ணிக்கையில் மிகுந்தும், ஓடிய தூரத்தில் கூடியும் இருந்தன. இவற்றை வாங்க வரும் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்களோ பெரும்பாலும் நகருக்குள் குறைந்த தூரம் ஓட்டுபவர்கள். சிக்கனத்தின் பயன் முதல் உரிமையாளரோடு போய்விடுகிறது. பழுதுபார்ப்பின் சுமை அடுத்தவரிடம் வந்து சேர்கிறது. சந்தை இதை அறிந்தே விலை வைக்கிறது.

மாசு விதிகள் விலையை உண்மையில் அவ்வளவு பாதிக்கின்றனவா?

மற்ற எல்லாக் காரணங்களையும்விட அதிகமாகப் பாதிக்கின்றன என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தைப் புரிந்துகொள்ள ஐரோப்பிய விதிகளின் எண்களைப் பார்க்க வேண்டும். யூரோ 4 விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம். யூரோ 5இல் அது 0.18 ஆகவும், யூரோ 6இல் 0.08 ஆகவும் குறைக்கப்பட்டது. இந்த 0.08 என்ற அளவைப் பெட்ரோல் கார்கள் யூரோ 4 காலத்திலேயே எட்டிவிட்டன. அதாவது, நைட்ரஜன் ஆக்சைடைப் பொறுத்தவரை 2006இல் வந்த பெட்ரோல் காரும் 2015இல் வந்த டீசல் காரும் சட்டத்தின் கண்ணில் ஒரே தட்டில் நிற்கின்றன.

லண்டன் நகரம் 2019 ஏப்ரல் 8 முதல் மிகக் குறைந்த மாசு மண்டலத்தை நடைமுறைப்படுத்தியபோது, பெட்ரோலுக்கு யூரோ 4, டீசலுக்கு யூரோ 6 என்று எல்லை வகுத்ததற்கு இதுவே அடிப்படை. 2023 ஆகஸ்ட் 29 அன்று அந்த மண்டலம் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தபோது, 2010இல் பதிவான ஒரு கோல்ஃப் ஜி.டி.டி. அங்கே தினமும் கட்டணம் செலுத்த வேண்டிய காராகியது. அதே ஆண்டின் பெட்ரோல் வகையான கோல்ஃப் ஜி.டி.ஐ. எந்தக் கட்டணமும் இல்லாமல் ஓடியது. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே உடலோடு பிறந்தவை. ஜெர்மனியில் 2018 பிப்ரவரி 27 அன்று லைப்ஸிக்கிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், நகரங்கள் பழைய டீசல் வாகனங்களுக்குத் தடை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாத இறுதியில் ஹாம்பர்க் இரண்டு சாலைகளில் தடையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் டெல்லியைச் சுற்றிய தலைநகர் மண்டலத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன் நடைமுறை பின்னர் பலமுறை மாறினாலும், ஒன்பது வயதான நல்ல டீசல் கார்கள் அந்த மண்டலத்தைவிட்டு வெளி மாநிலங்களுக்குக் குறைந்த விலையில் போன வழக்கம் அப்போது உருவானதுதான்.

எனவே விலை கேட்பதற்கு முன்பாகவே பதிவுச் சான்றிதழில் மாசு விதியின் நிலையைப் பாருங்கள். மாடல் ஆண்டை வைத்து ஊகிக்காதீர்கள். யூரோ 5 புதிய மாடல்களுக்கு 2009 செப்டம்பரிலும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2011 ஜனவரியிலும் கட்டாயமானது. யூரோ 6 அதேபோல 2014 செப்டம்பரிலும் 2015 செப்டம்பரிலும் வந்தது. இந்த இடைக்காலங்களில் ஒரே பெயருள்ள கார்கள் இரண்டு விதிகளிலும் விற்பனையாகியிருக்கின்றன. ஒரு சில மாத வித்தியாசம் அந்தக் காரின் விலையைக் கணிசமாக மாற்றிவிடும்.

அப்படியானால் எந்த வயதுக் கார்கள் விலையைத் தக்கவைக்கின்றன?

மூன்று அடுக்குகளாகப் பார்ப்பது நல்லது. முதலாவது, துகள் வடிகட்டி (புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் பாகம்) வருவதற்கு முந்தைய கார்கள்: 2003 முதல் 2007 வரையிலான ஃபேபியா வி.ஆர்.எஸ்., அக்கால இபிசா குப்ரா டி.டி.ஐ. போன்றவை. இவற்றின் விலை அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பிவிட்டது. வாங்குபவர் அன்றாடப் பயன்பாட்டுக்காக அல்ல, விரும்பித் தேடி வருகிறார். ஆகவே நன்றாகப் பேணப்பட்ட காருக்கும் சீரழிந்த காருக்கும் இடையிலான விலை இடைவெளி பல மடங்கு விரிந்திருக்கிறது.

மூன்றாவது அடுக்கான யூரோ 6 கார்கள் வழக்கமான முறையில், வயதுக்கும் ஓட்டத்துக்கும் ஏற்பச் சரிகின்றன. நகரக் கட்டுப்பாடுகள் இவற்றை இன்னும் பெரும்பாலும் தொடவில்லை. டீசல் வகைகளைத் தயாரிப்பாளர்கள் கைவிட்டுவரும் நிலையில், நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் இவற்றைத் தேடுகிறார்கள்.

இடையில் சிக்கியவை 2008 முதல் 2014 வரையிலான கார்கள். துகள் வடிகட்டியின் தொல்லைகள் எல்லாம் இவற்றுக்கு உண்டு. யூரோ 6இன் அனுமதி கிடையாது. பழமையின் மதிப்பும் இன்னும் சேரவில்லை. விற்பவருக்கு மிகக் கசப்பான அடுக்கு இது. ஆனால் மாசு மண்டலம் இல்லாத இடத்தில் வாழ்ந்து, தினமும் நெடுந்தூரம் ஓட்டும் ஒருவருக்கு, கொடுக்கும் பணத்துக்கு இவ்வளவு முறுக்குவிசை தரும் கார் வேறு அடுக்கில் கிடைக்காது. 123டியின் 400 நியூட்டன் மீட்டர் இன்றைக்கும் சாதாரணமானதல்ல.

2015இன் உமிழ்வு மோசடி விவகாரம் இன்னும் விலையில் தெரிகிறதா?

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட அறிவிப்பைத் தொடர்ந்து, உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்பதை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இ.ஏ.189 என்ற இன்ஜின் குடும்பம் அதன் மையம். ஆறாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.டி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2013இல் வந்த ஏழாம் தலைமுறையில் இருப்பது இ.ஏ.288 என்ற வேறு இன்ஜின்.

விலையில் நேரடியாகத் தெரியும் பாதிப்பு காலப்போக்கில் மங்கிவிட்டது. ஆனால் இரண்டு தடங்கள் மீதமிருக்கின்றன. டீசலின் மேல் மக்களுக்கிருந்த நம்பிக்கை திரும்பவில்லை, நகரங்களின் கட்டுப்பாடுகளும் அதன் பிறகே வேகம் பிடித்தன. மற்றொன்று, திருத்த மென்பொருள் ஏற்றிய பின் கழிவுவாயு மறுசுழற்சி வால்வு அதிகமாக வேலை செய்து அடைத்துக்கொள்வதாகப் பல உரிமையாளர்கள் முறையிட்டார்கள். அதனால் திருத்தம் செய்த கார் வேண்டாம் என்பவர்களும், செய்யாத காரைப் பதிவு அலுவலகம் ஏற்குமா என்று அஞ்சுபவர்களும் சந்தையில் உண்டு. திருத்தம் செய்யப்பட்டிருந்தால் அதன் ரசீதையும், அந்த வால்வு பின்னர் மாற்றப்பட்டிருந்தால் அதற்கான ரசீதையும் காட்டும் விற்பனையாளருக்கு இந்தக் கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய கார் அதிகம் ஓடிய கார்?

ஓடோமீட்டர் எண்ணை மட்டும் வைத்து டீசல் காரை மதிப்பிடுவது சரியல்ல. நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் சீராக ஓடிய இன்ஜின், நகரில் குளிர்ந்த நிலையிலேயே எழுபதாயிரம் ஓடிய இன்ஜினைவிட நல்ல நிலையில் இருப்பது அடிக்கடி காணக்கூடியது. டீசல் இன்ஜின் சூடேறுவதற்கு நேரம் பிடிக்கும். குறுகிய பயணங்களில் துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆனால் சந்தை எப்போதும் இந்த நியாயப்படி நடப்பதில்லை. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் போன்ற முழு எண்களைக் கடக்கும்போது விலை படிபோல் இறங்குகிறது. தேடல் பட்டியலில் வாங்குபவர்கள் அந்த எண்களில்தான் வரம்பு வைக்கிறார்கள். விற்க முடிவு செய்துவிட்டால், அந்த எண்ணைத் தாண்டுவதற்கு முன் விற்பது நல்லது. வாங்குபவராக இருந்தால், தாண்டியவுடன் இருக்கும் காரைப் பாருங்கள்.

துகள் வடிகட்டி அகற்றப்பட்ட காரை வாங்கலாமா?

வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வடிகட்டியில் சேரும் கரித்துகள் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரிந்து போகிறது; இன்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் தங்கி, ஆண்டுகள் செல்லச்செல்ல வடிகட்டியை நிரப்புகிறது. அது நிரம்பும்போது புதிதாக மாற்றவோ, கழற்றி முறையாகச் சுத்தம் செய்யவோ வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கச் சிலர் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, மென்பொருளையும் மாற்றி, வெளிக்கூட்டை மட்டும் விட்டுவைக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் இப்படிப்பட்ட காரைச் சாலையில் ஓட்டுவது சட்டவிரோதம். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் 2014 பிப்ரவரி முதல், வடிகட்டி இருந்த காரில் அது இல்லையென்றால் தோல்விதான். மற்றவர்கள் மூச்சில் போகும் நுண்துகள் என்பதால், சட்டம் கண்டுகொள்ளாத இடத்திலும் இது தவறே.

விலை நோக்கில் பார்த்தாலும், திரும்பப் பொருத்தும் முழுச் செலவையும் கழித்துத்தான் அந்தக் காரை மதிப்பிட வேண்டும். வடிகட்டி உள்ள காரின் புகைக்குழாய் உட்புறம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். விரலில் அடர்ந்த கரி ஒட்டினால், வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது இல்லை என்று பொருள். கண்டறியும் கருவியை இணைத்துச் சாம்பல் அளவையும் கடைசியாக மறு எரிப்பு நடந்த தூரத்தையும் படித்துப் பார்ப்பது இதைவிடவும் நம்பகமானது.

ரீமேப் செய்த கார் கூடுதல் விலைக்குப் போகுமா?

பெரும்பாலும் போகாது. டர்போ டீசலில் மென்பொருளை மாற்றி முப்பது, நாற்பது குதிரைத்திறன் கூட்டுவது எளிது. அதனாலேயே செய்யாத கார் அரிதாகிவிட்டது, அரிதானதற்கே விலை. கூடிய முறுக்குவிசையை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச்சும் இரட்டை நிறை ஃப்ளைவீலும். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் தாழ்ந்த சுழற்சியிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வேகம் கூடாமல் சுழற்சி மட்டும் எகிறினால் கிளட்ச் நழுவுகிறது. இன்ஜினை அணைக்கும் நேரத்தில் கடகடவென்ற ஓசை வந்தால் ஃப்ளைவீல் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றும் செலவு, பழைய சிறிய காரின் விலையில் பெரும் பங்கை விழுங்கிவிடும். ரீமேப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் இழப்பீடும் மறுக்கப்படலாம். தொழிற்சாலை நிலையிலேயே இருக்கும் காரை, இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் யோசிக்காமல் தேர்ந்தெடுங்கள்.

எந்தெந்தப் பழுதுகள் விலையை உடனே இறக்கும்?

இன்ஜினுக்கு இன்ஜின் பதில் மாறும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய 1.9 லிட்டர் பம்ப் இன்ஜெக்டர் டி.டி.ஐ. டீசல் இன்ஜின் உறுதியானதுதான், ஆனால் இன்ஜெக்டர்களைக் கேம்ஷாஃப்டே அழுத்தி இயக்குவதால் அதன் மேடுகள் கடும் சுமையைத் தாங்குகின்றன. உரிய தரத்துக்கு உட்படாத ஆயில் ஊற்றப்பட்டிருந்தால் அவை தேய்ந்துபோகும். ஆயில் ரசீதில் தர எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். பி.எம்.டபிள்யூ.வின் என்47 இன்ஜினில், 123டி உட்பட, டைமிங் செயின் கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் இருக்கிறது. அது தளர்ந்தால் பின்புறத்திலிருந்து உரசும் ஓசை கேட்கும். சரிசெய்ய இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அறுந்தால் இன்ஜினே போய்விடும். செயின் மாற்றியதற்கான ஆவணம் உள்ள 123டிக்கும் இல்லாத 123டிக்கும் விலை வேறாக இருப்பது முற்றிலும் நியாயம்.

எல்லா வகைக்கும் பொதுவானது டைமிங் பெல்ட். பெல்ட் உள்ள இன்ஜினில், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு பேரம் பேசுங்கள். வாட்டர் பம்ப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

எரிபொருளில் மிச்சமாகும் பணம் இந்த அபாயங்களை ஈடுகட்டுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகமான பெட்ரோல் ஹேட்ச்பேக் நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டரும், அதன் டீசல் இணை 5.5 லிட்டரும் குடிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் 200 லிட்டர். 30,000 ஓட்டுபவருக்கு 750 லிட்டர். உங்கள் ஊர் எரிபொருள் விலையால் இதைப் பெருக்கி, ஒரு துகள் வடிகட்டி அல்லது ஒரு ஜோடி இன்ஜெக்டரின் விலையோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகிவிடும். குறைந்த தூரம் ஓட்டுபவர் ஒரே பழுதில் பல ஆண்டு மிச்சத்தை இழக்கிறார். மேலும் அவர் ஓட்டும் முறையே அந்தப் பழுதை வரவழைக்கிறது.

நிறம், இருக்கை, கியர்பாக்ஸ் போன்றவை?

கோல்ஃப் ஜி.டி.டி.யில் கட்டமிட்ட துணி இருக்கையையும் ஐந்து கதவு உடலையும் பலர் விரும்புகிறார்கள். பழைய கார்களில் மேனுவல் கியர்பாக்ஸ் விலையைக் காக்கிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸாக இருந்தால் அதன் ஆயில் மாற்றப் பதிவைக் கேளுங்கள்.

இவை ஒருநாள் சேகரிப்பாளர்கள் தேடும் கார்களாகுமா?

சில ஆகும் என்று நம்புகிறேன். 2006இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஆடியின் ஆர்10 டி.டி.ஐ. வென்றது, அந்தப் பந்தயத்தை டீசல் கார் வென்றது அதுவே முதன்முறை. சாதாரணக் குடும்பங்களின் வாகன நிறுத்தத்தில் ஃபேபியா வி.ஆர்.எஸ். நின்றதும் அதே ஆண்டுகளில்தான். டீசலால் வேகமும் தர முடியும் என்று நம்பி உழைத்த பொறியாளர்களின் காலம் அது. அப்படிப்பட்ட சிறிய கார்கள் இனி உருவாக வாய்ப்பில்லை. ஃபேபியாவின் அடுத்த தலைமுறை வி.ஆர்.எஸ். பெட்ரோலுக்கு மாறிவிட்டதால், 310 நியூட்டன் மீட்டர் தந்த அந்த முதல் தலைமுறைக்கு வாரிசே இல்லை. இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி வந்தபோது டீசலை முழுவதுமாகக் கைவிட்டது, போலோ ஜி.டி. டி.டி.ஐ.க்கு ஆர்வலர்களிடையே தனி மதிப்பு உருவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்றாலும் முதலீடு என்று எண்ணி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெர்மனியில் முப்பது ஆண்டுகள் கடந்து, மூல நிலையில் பேணப்பட்ட வாகனத்துக்குப் பழமைப் பதிவு எண் கிடைக்கும். அது மாசு மண்டலங்களில் நுழையவும் வழி தரும். 2003ஆம் ஆண்டுக் காருக்கு அந்த நாள் 2033இல்தான் வரும். அதுவரை துருவைத் தடுத்து, கிடைக்கும் உதிரிபாகங்களைச் சேர்த்து, காப்பீடும் கட்டி வைத்திருக்க விருப்பம் வேண்டும்.

விற்கும்போது நல்ல விலை பெற என்ன செய்ய வேண்டும்?

பாலிஷ் செய்வதைவிட ஆவணங்களை ஒழுங்கு செய்வது அதிகப் பயன் தரும். சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். பெல்ட் அல்லது செயின், கிளட்ச், இன்ஜெக்டர், வடிகட்டி ஆகியவற்றின் ரசீதுகளைத் தனியாக மேலே வையுங்கள். மாசு விதியின் நிலையை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். யூரோ 6 என்றால் அது பலம், யூரோ 5 என்றால் மறைத்துப் பயனில்லை, வாங்குபவர் காரின் பதிவு எண்ணைத் தட்டி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மாசு மண்டலத்துக்குள் வாழ்பவர் பழைய டீசலை அந்த மண்டலத்துக்குள்ளேயே விற்க முயலாமல், வெளியே உள்ள, தினமும் நெடுஞ்சாலையில் போய்வரும் வாங்குபவரைத் தேட வேண்டும். புதிய கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டால், நடைமுறைக்கு வரும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அறிவிப்பு வந்த வாரத்திலிருந்தே விலை இறங்கத் தொடங்குகிறது, கடைசி மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள். ரீமேப் செய்திருந்தால் மூல மென்பொருளைத் திரும்ப ஏற்றி, அதற்கான சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். முன்பு ரீமேப் இருந்தது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கார் பார்க்க வருபவரிடம், இன்ஜின் அன்று இன்னும் தொடப்படவில்லை என்று கூறி, சாவியை அவர் கையிலேயே கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.